ரிதம் பேட் இல்லாத போட்டோ

வெயிலில் சூடேறிய ரப்பர் வாசனை எங்காவது அடித்தால் என் விரல்கள் தானாகத் தாளம் போட ஆரம்பித்துவிடும்... என் ரிதம் பேடின் வாசனை அது.

காரிமங்கலம் பக்கத்தில் கல்யாணம், கோயில் விசேஷம் என்று மெல்லிசைக் கச்சேரி செய்துகொண்டிருந்தோம். மூன்று பெண்கள். கவிதா பாடுவாள். சர்ச்சில் வாசித்துப் பழகிய ஸ்டெல்லா கீபோர்டு. நான் பேட்; எட்டு ரப்பர் கட்டங்களைக் குச்சியால் தட்டி வாசிக்கும் மின் தாளக் கருவி. எனக்குப் பாட்டு சுத்தமாக வராது.

அப்பா சம்மதித்ததே பெரிய விஷயம். ஒரே ஒரு நிபந்தனை.

"வாசி, வேணாங்கல. ஆனா எவனாவது கண்டபடி போட்டோ புடிச்சி, ஊர்ல நாலு பேரு பேசற மாதிரி ஆச்சுன்னா அன்னியோட நிறுத்திடணும்."

அந்தச் சமயத்தில்தான் ஒரு இசைப் பத்திரிகையிலிருந்து நிருபர் வந்தார். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

கவிதாவிடம் பிடித்த கலர் கேட்டார். ஸ்டெல்லாவிடம் சமைக்கத் தெரியுமா என்றார். என்னிடம் கல்யாணம் எப்போது என்றார். போட்டோ எடுக்கும்போது பேடை ஓரமாக வைக்கச் சொன்னார்.

"பெட்டி மாதிரி குறுக்க நிக்குதும்மா. நீங்களும் ஒரு மைக் பிடிச்சுக்கோங்க. லேசா சாஞ்சு சிரிங்க."

சாய்ந்தேன், சிரித்தேன். கழுத்து பிடித்துக்கொண்டவள் மாதிரி இருந்திருப்பேன்.

அடுத்த மாதம் பஸ் ஸ்டாண்டு கடையில், அந்தப் பத்திரிகையின் அட்டையில், கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தோம். 'வறுமையில் வாடும் மூன்று குயில்கள்' என்று தலைப்பு. கவிதா வீட்டு வாசலில் டிராக்டர் நின்றது. யார் வாடினார்களோ, தெரியவில்லை.

உள்ளே, எங்கள் பேட்டிக்கு எதிர்ப் பக்கத்தில் பையன்கள் குழு ஒன்று. ஒவ்வொருவர் கையிலும் அவரவர் வாத்தியம். யாரிடம் கற்றார்கள், எத்தனை மணி நேரம் பயிற்சி, எல்லாம் இருந்தது. எங்களுக்குக் கலரும் சமையலும்தான்...

கோபப்பட நேரமில்லை. அப்பா பார்த்தால் என் பேட் அன்றோடு மூலைக்குப் போய்விடும். கடையில் இருந்த ஆறு புத்தகத்தையும் நாங்களே வாங்கிப் பையில் திணித்துக்கொண்டோம். பெரிய புத்திசாலிகள் என்று நினைப்பு.

அந்த வாரச் சந்தை நாளில் போய்ப் பார்த்தால், கடை முகப்பு முழுக்க எங்கள் முகம்.

"உங்க புக்கு அடிச்சிக்கினு போவுதும்மா" என்றார் கடைக்காரர், சந்தோஷமாக. "ஏஜென்ட்டுகிட்ட சொல்லி இன்னும் இருவது எடுத்தாந்துட்டேன்."

அப்பா அன்று சந்தைக்குத்தான் போயிருந்தார்.

வீட்டுக்கு வந்து, கத்தரிக்காய்ப் பையிலிருந்து அதை உருவி எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏம்மா... உன்னோட பேட்டு எங்க?"

"எடுக்க சொல்லிட்டாங்கப்பா."

"நீ பாடுவியா?"

"இல்லப்பா."

"அப்பறம் என்னாத்துக்கு உனக்கு மைக்கு?"

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். போட்டோவில் என் முன்னால் ஒரு கட்டம் போட்டார். அதற்குள் சின்னச் சின்னதாக எட்டுக் கட்டம். மேலே இரண்டு குச்சி. டிபன் பாக்ஸ் மாதிரிதான் இருந்தது.

"இப்ப செரியா இருக்குது" என்றார். "அடுத்த கச்சேரி எந்தூர்ல?"

நான் உள்ளே போய் அழுதேன்.

அப்பா இப்போது இல்லை. எங்கள் குழுவும் கல்யாணம், வேலை என்று கலைந்து வருடங்கள் ஆகிவிட்டன. இன்று பாப்பாரப்பட்டிப் பெண் ஒருத்தி செல்போனைத் தானே நிறுத்திவைத்து, டிரம்ஸ் வாசித்து வீடியோ போடுகிறாள். யாரும் அவளைச் சாய்ந்து சிரிக்கச் சொல்வதில்லை. பார்க்கச் சந்தோஷமாகவும் இருக்கிறது, கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கிறது...

போன வாரம் ஒரு இணைய இசை இதழிலிருந்து ஒரு பெண் பேசினாள். முதல் கேள்வியே, "பேட் யாருகிட்ட கத்துக்கிட்டீங்க மேடம்?"

ஒரு மணி நேரம் பேசினேன். பழைய போட்டோ கேட்டாள். நான் பேடோடு இருக்கிற பழைய படம் என்னிடம் ஒன்றுதான் உண்டு. அனுப்பினேன்.

"மேடம், இதுல யாரோ பேனாவால கிறுக்கியிருக்காங்க. எடிட்ல எடுத்துடட்டுமா?"

"அதை எடுக்காதம்மா" என்றேன். "எடுக்கணும்னா அந்த மைக்கை எடுத்துடு."