சாட்டைக்கும் முகத்துக்கும் நடுவே

அந்த அக்டோபர் ஞாயிற்றுக்கிழமை காலையில், தோல்பைக்குள் எதை வைப்பது, எதை விட்டுவிட்டுப் போவது என்று தொல்குன் முடிவு செய்துவிட்டாள். மாவட்டப் பத்திரிகையின் ஆசிரியருக்குத்தான் அது பிடிக்கவில்லை.

"முந்நூறு மில்லிமீட்டர் லென்ஸ் பீரோவுல பீரங்கி மாதிரி கெடக்கு. அத விட்டுட்டு இந்தக் குட்டியத் தூக்கிட்டுப் போற. ஆட்டம் எங்கியோ நடக்கும் தங்கச்சி. குதிரை வாலப் புடிச்சிக்கிட்டா படம் எடுக்கப் போற?"

"வானத்தப் பாருங்கண்ணே. இப்பிடி மேகம் மூடிக்கிடந்தா அந்தப் பெரிசுக்கு வெளிச்சம் பத்தாது. கால் நாலும் பஞ்சு பறக்குற மாதிரி விழும். இது நல்லா கண்ணத் தெறக்கும். ஷட்டர செகண்டுல ஐந்நூறுல ஒரு பங்குக்கு வைக்கலாம். என்ன, கிட்டப் போய் நிக்கணும்."

"கிட்டப் போனா மிதிக்கும்."

"மிதிச்சா அதையும் படம் புடிச்சிட்டு வரேன்."

தொல்குனுக்கு அப்போது நாற்பது வயது. கேமரா பிடிக்கக் கற்றது விளையாட்டு மைதானத்தில் அல்ல. பதினோரு ஆண்டுகள் நில ஆய்வுக் குழு ஒன்றோடு நாரின் வட்டாரத்து மலைகளெல்லாம் அலைந்து, பாறைகளையும் பனிச்சரிவுகளையும் படமெடுத்தவள். ஒவ்வொரு கிராம் எடையும் கழுத்தை அறுக்கும் மலைப்பயணத்தில், ஒரு கேமராவும் இரண்டு சிறிய லென்ஸ்களும் போதும் என்று தோள்பட்டை அவளுக்குச் சொல்லிவிட்டது. குழு கலைந்த பிறகு பத்திரிகையில் வேலை கிடைத்தது. பாறைகள் ஓடாது, குதிரைகள் ஓடும். ஆனால் சுமை குறைவாயிருந்தால் தானும் ஓடலாம் என்பது அவள் கணக்கு.

அன்றைக்குக் குதிரைப் போட்டியின் இறுதி ஆட்டம். அவள் புகுந்த ஊரான கோக்ஜாருக்கும், ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மிங்புலாக்குக்கும். தலையறுத்த ஆட்டின் உடலைக் குதிரைமேல் இருந்தபடியே தரையிலிருந்து அள்ளி, தொடைக்கு அடியில் இடுக்கிக்கொண்டு போய், எதிரணியின் வட்டத் தொட்டிக்குள் வீச வேண்டும். இரண்டு கையும் ஆட்டுக்கும் கடிவாளத்துக்கும் வேண்டியிருப்பதால் சாட்டையைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். அந்தச் சாட்டை எதிராளி மேல் படக்கூடாது. பட்டால் அதைவிடப் பெரிய குற்றம் அந்த ஆட்டத்தில் கிடையாது.

கோக்ஜாரின் முன்னணி வீரன் ஷைலோ, தொல்குனின் கணவன் மெதெருக்குத் தம்பி. அவளுக்குக் கல்யாணம் ஆனபோது ஆறு வயதுப் பையன். அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன்.

தொல்குன் மிங்புலாக்கின் தொட்டிக்கு ஐம்பது அடி தள்ளி, பக்கவாட்டுக் கோட்டோரம் முழங்காலிட்டிருந்தாள். தலைநகரிலிருந்து வந்த படக்காரன் எர்மெக், தொட்டிக்குப் பின்னால் மைதானக் கடைசியில் நின்ற லாரியின் கூரைமேல், முக்காலியும் நீள லென்ஸுமாக உட்கார்ந்திருந்தான். பிலிமும் அவனுடையது உயர்ந்த ரகம். மந்த வெளிச்சத்திலும் எடுக்கும். தொல்குனுடையது பெரிய டப்பாவிலிருந்து அவளே வெட்டிச் சுருட்டிய மலிவுச் சரக்கு. முப்பது படத்துக்கு மேல் வராது. இருபத்திரண்டு முடிந்திருந்தது.

கடைசிச் சுற்றில் ஷைலோ ஆட்டை அள்ளிக்கொண்டு தொட்டியை நோக்கிப் பறந்தான். அவனுக்குப் பின்னால் மிங்புலாக்கின் துராத், தன் குதிரையை முடுக்க வலதுகையில் சாட்டையை ஓங்கியபடி வந்தான். தொல்குன் லென்ஸை ஷைலோவின் முகத்தில் நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினாள்.

அந்த வகைக் கேமராவில் ஒரு சங்கடம் உண்டு. ஷட்டர் திறக்கும் கணத்தில் உள்ளே கண்ணாடி மேலே எழும்பி, பார்க்கிறவர் கண்ணை மறைத்துவிடும். எந்தக் கணத்தை எடுத்தாளோ அந்தக் கணத்தை மட்டும் அவள் பார்க்கவில்லை. பார்வை திரும்பி வந்தபோது ஷைலோவின் குதிரை முன்னங்கால் மடங்கிச் சரிந்துகொண்டிருந்தது. ஷைலோ காற்றில் இருந்தான். முகத்தில் ரத்தம்.

பின்னால் வந்த குதிரைகள் விலகிக் கோட்டைத் தாண்டின. ஒன்றின் தோள் இடித்ததில் அவள் மல்லாந்து விழுந்தாள். கேமரா கல்லில் மோதி, முதுகுக் கதவு விரல் நுழையும் அளவு திறந்துகொண்டது. தொல்குன் எழவில்லை. அதன்மேல் கவிழ்ந்து படுத்து, கதவை அழுத்தி மூடி, மேல்கோட்டுக்குள் சுருட்டினாள். கடைசியாக எடுத்த படம்தான் சுருளின் மேலடுக்கில் இருக்கும். வெளிச்சம் முதலில் தின்பது அதைத்தான். அது அவளுக்குத் தெரியும்.

"சாட்டையால அடிச்சான்," என்று யாரோ கூவினார்கள். அதற்குப் பிறகு மைதானத்தில் ஆட்டம் நடக்கவில்லை.

திங்கட்கிழமை முழுக்க அவள் கேமராவைத் தொடவில்லை. பயம். படம் விழாமல் போயிருக்குமோ என்றா, விழுந்திருக்குமோ என்றா, அவளுக்கே புரியவில்லை. செவ்வாய்க்கிழமை தலைநகர்ப் பத்திரிகை வந்தது. முதல் பக்கத்தில் எர்மெக்கின் படம். துராத்தின் சாட்டை நுனி ஷைலோவின் கன்னத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. யார் பார்த்தாலும் சந்தேகம் வராது.

வியாழக்கிழமை நடுவர் குழு கூடும் என்றார்கள். துராத் இனி ஆயுளுக்கும் களத்தில் இறங்க முடியாது என்றார்கள். குழு என்ன சொன்னாலும், அன்று மாலையே ஆற்றைத் தாண்டிப் போவதென்று கோக்ஜார் இளைஞர்கள் இருபது பேர் குதிரைக்கு லாடம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தேநீரை ஊற்றிக் கொடுத்துவிட்டு மெதெரிடம் சொன்னாள்.

"எங்கிட்டயும் ஒரு படம் இருக்கு. பக்கத்துல இருந்து எடுத்தது. இன்னும் கழுவல."

மெதெர் கிண்ணத்தைக் கீழே வைத்தான். "கேமரா தெறந்துடுச்சுன்னு சொன்னியே."

"தெறந்துச்சு. எவ்வளவு போச்சுன்னு தெரியல."

"அப்ப போயிடுச்சுன்னே வச்சுக்க. யாராச்சும் கேட்டா அதையே சொல்லு. பொய்யா அது?"

"பாக்காம சொன்னா பொய்தான்."

"ஊரே பாத்தாச்சு தொல்குன். பேப்பர்லயே வந்தாச்சு. என் தம்பி ஒத்தக் கண்ணோட படுத்துக் கெடக்கான். நீ புதுசா என்னத்தப் பாக்கப் போற?"

எர்மெக்கின் படத்தைப் பார்த்ததிலிருந்து ஒன்று அவளை உறுத்திக்கொண்டிருந்தது. அந்தப் படத்தில் இரண்டு குதிரைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பதுபோல் இருந்தன. அவள் கண்ணால் கண்ட இடைவெளி அதில் இல்லை.

புதன்கிழமை காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஷைலோவின் முகத்தில் வலதுபக்கம் முழுக்கக் கட்டு.

"துராத் அடிச்சானாடா?"

"அடிச்சான்னுதான் எல்லாரும் சொல்றாங்க அண்ணி."

"எல்லாரையும் நான் கேக்கல."

"ஆட்டத் தொடையில இடுக்குனது ஞாபகம் இருக்கு. அப்புறம் இந்தக் கட்டில்தான். நடுவுல என்ன ஆச்சுன்னு எனக்கே யாராச்சும் காட்டுனா தேவலை. ஆனா அண்ணனுக்குச் சொல்லிடாதீங்க. அவன் எனக்காக ஊரையே கூட்டி வச்சிருக்கான்."

அங்கிருந்து நேராக அலுவலகத்துக்குப் போனாள். மின்சாரம் இல்லை. கழுவும் மருந்துக்குத் தண்ணீரை அடுப்பில் சுடவைத்து, விரல் விட்டுப் பார்த்து ஆற்றினாள். ஜன்னலில்லாத இருட்டறைக்குள் போய்க் கொக்கியை மாட்டி, கதவிடுக்கில் கோட்டைத் திணித்து, கேமராவைத் திறந்தாள். பிலிமைக் கழுவும் தொட்டியின் சக்கரத்தில் பாதி சுற்றியிருக்கும்போது கதவு தட்டப்பட்டது.

"தொற." மெதெரின் குரல்.

"முடியாது. பிலிம் கையில இருக்கு."

"தெரிஞ்சுதான் சொல்றேன். தொற."

கொக்கி வெறும் கம்பி. அவன் தோளால் ஒரு தள்ளு தள்ளினால் போதும். இருட்டில் அவள் விரல்கள் நின்றுவிட்டன. நிறுத்தினால் பிலிம் ஒட்டிக்கொள்ளும் என்று மறுபடி சுற்றத் தொடங்கினாள்.

"உள்ள என்ன இருக்குன்னு எனக்கும் தெரியாது," என்றாள் கதவைப் பார்த்து. "சாட்டை பட்டிருந்தா நானே துராத்தோட கையப் புடிச்சுக் குடுப்பேன். படலேன்னா, இருபது பேரு நாளைக்கு ஒரு அப்பாவிய அடிச்சுக் கொல்லப் போறாங்க. நீங்கதான் முன்னால போவீங்க. இப்ப தள்ளணும்னா தள்ளிக்கங்க."

வெளியே மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பலகை ஒருமுறை கிரீச்சிட்டது. அவள் கழுவும் தொட்டியின் மூடியைத் திருகி மூடியபோது, தாழ்வாரத்தில் காலடிகள் தூரமாய்ப் போய்க்கொண்டிருந்தன.

ஒன்பது நிமிடம் மருந்து. பிறகு கழுவி, படம் அழியாமலிருக்க இன்னொரு மருந்தில் முக்கி, ஈரத்தோடு ஜன்னலுக்கு எடுத்து வந்தாள். இருபத்திமூன்றாவது படத்தின் வலதோரம் முழுக்கக் கருத்துப் போயிருந்தது. மிங்புலாக்கின் தொட்டி இருந்த பக்கத்தை வெளிச்சம் விழுங்கிவிட்டது. ஆனால் இடதுபக்கம் பிழைத்திருந்தது. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். ஷைலோவின் குதிரை குழியில் கால் வைத்து, தலையை வெடுக்கென்று மேலே தூக்கியிருந்தது. அதன் நெற்றி வாரின் இரும்பு வளையம் ஷைலோவின் கன்னத்தில் பதிந்திருந்தது. துராத்தின் சாட்டை அவனுக்குப் பின்னால், ஒரு முழுக் குதிரை நீளம் தள்ளி, வெறும் காற்றில் நின்றது.

தொல்குன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

வியாழக்கிழமை நடுவர் குழு மைதானத்தை ஒட்டிய கொட்டகையில் கூடியது. இரண்டு ஊர்க்காரர்களும் இரண்டு பக்கமாக நின்றார்கள், நடுவில் போலீஸ்காரர் மூவர். தலைமை நடுவர் கால்மாத் நெகட்டிவை ஜன்னலில் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"கறுப்பு வெள்ளையாவும் வெள்ள கறுப்பாவும் இருக்கு. பாதி வெந்தும் போயிருக்கு. அந்தப் பேப்பர்ல வந்தது பளிச்சுன்னு இருக்கும்மா. எத நம்பச் சொல்ற?"

"ரெண்டையும் நம்பாதீங்க பெரியவரே. உங்க கண்ண நம்புங்க. எர்மெக் தன் லென்ஸக் கொஞ்ச நேரம் குடுக்கட்டும்."

ஓரத்தில் நின்ற எர்மெக் முகம் சிவந்தான். "நான் எதையும் வெட்டி ஒட்டல அக்கா. விழுந்தது விழுந்தபடி போட்டேன்."

"நீ பொய் சொன்னேன்னு நான் சொல்லலியே. அன்னிக்கு நின்ன எடத்துலயே லாரிய நிறுத்தி, மேல ஏறி அத முக்காலியில மாட்டு."

கோக்ஜார் பக்கத்திலிருந்து ஒருவன் கத்தினான். "மிங்புலாக்குக்காரனுக்கு எத்தன நாளா அண்ணி சமைச்சுப் போடுறீங்க?"

தொல்குன் திரும்பிப் பார்க்கவில்லை. மெதெர் அந்தக் கூட்டத்தில்தான் நின்றான். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்காக வாய் திறக்கவில்லை, அவளுக்கு எதிராகவும் திறக்கவில்லை.

நடுவர்களின் இரண்டு குதிரைகளை ஞாயிற்றுக்கிழமை நின்ற இடத்திலேயே, ஒன்றன்பின் ஒன்றாய், நடுவே ஒரு குதிரை நீளம் விட்டு நிறுத்தச் சொன்னாள். பின்குதிரை மேல் இருந்த நடுவரைச் சாட்டையை ஓங்கச் சொன்னாள். கால்மாத்தை லாரிமேல் ஏற்ற நான்கு பேர் வேண்டியிருந்தது. அவர் லென்ஸில் கண்ணை வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை.

"அடப்பாவி, பட்டுடுச்சே," என்றார். கண்ணை எடுத்துப் பார்த்தார். மறுபடி வைத்தார். "இதுல பாத்தா கன்னத்துல ஒட்டுது. வெறுங்கண்ணால பாத்தா எங்கியோ இருக்கு."

"தூரத்துல இருக்குறத இழுக்குற லென்ஸ், நடுவுல இருக்குற தூரத்தையும் சேத்து முழுங்கிடும் பெரியவரே," என்றாள் தொல்குன். "நேரா முன்னாலருந்து பாத்தா எது முன்ன எது பின்னன்னு தெரியாது. இப்ப எறங்கி, நான் நின்ன எடத்துக்கு வாங்க."

அவர் வந்தார். இரண்டு குதிரைகளுக்கும் நடுவே போய் நின்று கையை இரண்டு பக்கமும் நீட்டிப் பார்த்தார். எந்தப் பக்கமும் எட்டவில்லை. பிறகு நெகட்டிவை மறுபடி வாங்கி வானத்துக்கு நேரே பிடித்தார். இந்த முறை உதட்டைப் பிதுக்கவில்லை. கோக்ஜார்க்காரர்களும் ஒவ்வொருவராக லாரியில் ஏறிப் பார்க்கத் தொடங்கினார்கள். கத்தியவன் மூன்றாவதாக ஏறினான். இறங்கும்போது யாரையும் பார்க்காமல் குதிரைப் பக்கம் போய்விட்டான்.

எர்மெக் லென்ஸைப் பையில் வைத்துக்கொண்டே, "நாளைக்கே எங்க பேப்பர்ல எழுதச் சொல்றேன் அக்கா," என்றான். எழுதினார்கள். ஆறாவது பக்கத்தில், நாலு வரி.

துராத்துக்குத் தண்டனை இல்லை. அன்று மாலை ஆற்றை யாரும் தாண்டவில்லை. மறுநாள் துராத்தின் அப்பா ஒரு கொழுத்த ஆட்டோடு தொல்குன் வீட்டு வாசலுக்கு வந்தார். அவள் தேநீர் கொடுத்தாள், ஆட்டைத் திருப்பி அனுப்பினாள். "இத நான் வாங்கினா, நேத்து பேசினது அத்தனையும் விலைக்கு வித்ததா ஆயிடும் ஐயா," என்றாள். அவர் புரிந்துகொண்டு போனார்.

மெதெர் பதினெட்டு நாள் அவளோடு பேசவில்லை. விறகு வெட்டிப் போட்டான், தண்ணீர் கொண்டுவந்தான், வாயை மட்டும் திறக்கவில்லை. ஊரில் சில பெண்கள் அவளைக் கண்டால் வேறு தெருவில் திரும்பினார்கள். அந்த நாட்களில் தான் செய்தது சரிதானா என்று அவள் பலமுறை நினைத்துப் பார்த்தாள். ராத்தூக்கம் கெட்டது.

ஷைலோவுக்குப் பார்வை பாதியளவு மிஞ்சியது. கட்டவிழ்த்த வாரம் துராத் ஆஸ்பத்திரிக்கு வந்து வாசலிலேயே தயங்கி நின்றானாம். "உள்ள வாடா," என்றானாம் ஷைலோ. "இந்தக் கண்ணுல பாதிதான் தெரியுது. அதனாலதான் நீ பாக்க சகிக்கிற மாதிரி இருக்க." அதை மெதெர்தான் வீட்டுக்கு வந்து சொன்னான். பதினெட்டாம் நாள் அவன் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அதுதான்.

இருவரும் சிரித்து முடித்த பிறகு அவன் சிறிது நேரம் அடுப்பைக் கிளறினான்.

"ஒண்ணு கேக்கணும். அந்தப் படத்துல சாட்டை பட்டிருந்தா, அப்பவும் கொண்டு போயிருப்பியா?"

"போயிருப்பேன்."

"குதிரை வளையம்னு தெரிஞ்சதுக்கு அப்புறம், எரிச்சிடலாம்னு தோணலியா?"

"தோணிச்சு," என்றாள். "அடுப்பு பக்கத்துலதான் எரிஞ்சிட்டிருந்துச்சு."

மெதெர் தலையாட்டினான். அவளுடைய கிண்ணத்தை எடுத்து, அவனே தேநீர் ஊற்றிக் கொடுத்தான்.