வாயை மூடாத படம்

பழைய படங்களைத் திருத்திக் கொடுக்கிற தொழிலில் படத்துக்குள் இருப்பவர்களால் ஒரு கரைச்சலும் இல்லை. அதைக் கொண்டுவருகிறவர்களால்தான் எல்லாம். மாங்குளம் சந்தியில், முல்லைத்தீவு பஸ் திரும்புகிற இடத்தில், சிவா அண்ணையின் ஸ்டூடியோவில் கொம்பியூட்டருக்கு முன்னால் குந்தியிருக்கிறேன். ஓ.எல். சோதனை எழுதிவிட்டு வீட்டில் கிடந்தவனை, "இவன்ர வாயை எங்கையாவது கட்டிவையுங்கோ" என்று அம்மா கொண்டுவந்து விட்டா. வாய் கட்டுப்படவில்லை. பஸ் கொண்டக்டர், கோயில் ஐயர், கனடாவில் இருந்து வந்து வெயிலைத் திட்டுகிற மாமாமார், எல்லாருடைய குரலும் என்னிடம் இருக்கிறது.

கடைகளில் நின்று ஏச்சு வாங்கிய சகோதரங்களே, உங்களுக்கு ஒரு பகிடி வைத்திருக்கிறேன். கட்டாயம் சிரிப்பு வரும். ஆனால் இப்போது இல்லை. கொஞ்சம் பொறுங்கோ.

சோறு ஆறுது

சிவா அண்ணையின் வீடு ஸ்டூடியோவின் பின்வளவில். ஒருநாள் திரைக்குப் பின்னால் நின்று, அவருடைய மனிசியின் குரலில், "இஞ்சேருங்கோ, சோறு ஆறுது" என்றேன். அடையாள அட்டைப் படத்துக்கு நிமிர்ந்து இருந்த பொடியனை அப்படியே விட்டுவிட்டு மனிசன் போய், கையைக் கழுவிக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார். குசினியில் அன்ரி அப்போதுதான் அரிசி கழுவிக்கொண்டு நின்றாவாம்.

அந்தப் பொடியன் பாவம், கண்ணைச் சிமிட்டாமல் அப்படியே இருந்தான். திரும்பி வந்த சிவா அண்ணை அவனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "எடேய், வாய்க்கு மூடி எங்கையாவது விக்கினமெண்டால் சொல்லு, வவுனியாவுக்குப் போயெண்டாலும் வாங்கியாறன்."

இது அந்தப் பகிடி இல்லை.

தோளில் கிடந்த கை

செட்டிகுளத்தில் இருந்து ஓர் அண்ணை தன்னுடைய கலியாணப் படத்தோடு வந்தார். இடம்பெயரும்போது உரப்பையில் சுற்றி நிலத்தில் தாட்டுவிட்டுப் போய், திரும்பி வந்து கிண்டி எடுத்த படம். எங்களிடம் வருகிற படங்களில் பாதி அப்படித்தான். துடைத்தால் மண் வரும். மணவறைக்கு முன்னால் அவரும் பொம்பிளையும், பக்கத்தில் அவருடைய தமையன். "ஊத்தையைத் துடையும். அப்பிடியே தமையனையும் துடைச்சுவிடும்" என்றார். காணி எல்லைச் சண்டை. இரண்டு பேருக்கும் கதை பேச்சு இல்லாமல் கனகாலம்.

வெட்டினேன். தமையன் நின்ற இடத்துக்கு, கரையில் இருந்த வாழைமரத்தை இழுத்துவிட்டேன். எனக்கே பெருமைப் புளுகம், எல்லை வேலிக் கதியாலைத் தள்ளின ஆளை ஒரே பட்டன் அமத்தில் படத்தை விட்டே தள்ளிவிட்டேனே! அண்ணை வந்து பார்த்தார். நல்லாயிருக்கு என்றார். பிறகு திரையில் இருந்த தன் தோளில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். "அவரை எடுத்தது சரி தம்பி. அந்தக் கையை மட்டும் திருப்பி வையும், அது என்ர தோளிலை கிடக்கட்டும்."

டிக்

கனகராயன்குளத்தில் தோட்டம் செய்கிற செல்லம்மா அக்கா வெறுங்கையோடு வந்தா. அவவின் ஆட்கள் மலையகத்தில் இருந்து வந்து குடியேறியவர்கள். அந்தப் பக்கத்து ராகம் பேச்சில் அப்படியே இருந்ததால், அவ வாயைத் திறந்ததும் நான் குரலைப் பிடிக்கத் தொடங்கிவிட்டேன். "நான் வயசுக்கு வந்த சடங்குக்கு நீங்கதானே படம் புடிச்சீங்க? இந்த மாசம் எம் மகளுக்குச் சடங்கு. நானும் இப்புடித்தான் நின்னேன்னு அவளுக்குக் காட்டணும். ஒரு காப்பி போட்டுக் குடுங்கண்ணே."

சிவா அண்ணை கமராக் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "தங்கச்சி, பொருளாதாரத் தடை இருந்த அந்த நாளையிலை வன்னிக்குள்ளை பிலிம் வாறேல்லை. கமராவுக்குள்ளை ஒண்டுமில்லை. பிள்ளை உடுத்திக்கொண்டு நிக்குது, சும்மா ஒருக்கா டிக் எண்டு அடியும் எண்டு உங்கட அப்பாதான் கேட்டவர்."

ஏச்சுக்குக் காதைத் தயார்ப்படுத்திக்கொண்டு நின்றேன். அவ ஏசவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு கேட்டா: "அப்ப அன்னைக்கு நான் சிரிச்சது யாருகிட்டண்ணே இருக்கு?"

பிடித்து வைத்த அந்தக் குரலை நான் இன்னும் ஒரு இடத்திலும் போட்டுக் காட்டவில்லை.

இஞ்சை பாரணை

றெஜினா அன்ரி முல்லைத்தீவுக் கரையில் மீன் விற்கிறவ. மன்னாரில் இருக்கிற தங்கச்சியின் பெட்டிக்குள் இருந்த ஒரு படத்தைக் கொண்டுவந்தா. முதல் நன்மை வாங்கிய பிள்ளைகள், வெள்ளை உடுப்பு, கையில் மெழுகுதிரி, பின்னால் மாதா கோயில் கதவு. எல்லாரும் கமராவைப் பார்க்கிறார்கள். ஒருத்தன் மட்டும் கழுத்தைத் திருப்பி, வாயைப் பிளந்துகொண்டு, முகம் கலங்கி நிற்கிறான். அவன்தான் அன்ரியின் மகன் நிக்சன். பிறகு வந்த கடைசி யுத்த இடப்பெயர்வில் சனத்துக்குள் கை நழுவிப் போனவன். இன்றுவரைக்கும் ஒரு தகவலும் இல்லை. அவனுடைய படம் என்று அவவிடம் இருப்பது இது ஒன்றுதான்.

"வாயை மூடிவிட்டு முகத்தைத் தெளிவாக்கு" என்றார் சிவா அண்ணை.

"ஐயோ, மூடாதேங்கோ!" என்று அன்ரி மேசையில் அடித்தா. "அவன் என்னைக் கூப்பிடுறான். அம்மோய், இஞ்சை பாரணை எண்டு. சின்னவள் ஐஸ்பழ வானுக்குப் பின்னாலை ஓடிட்டாள், நான் அவளைப் பிடிக்க ஓடினனான். திரும்பிப் பாக்கேல்லை. பிறகு பாக்கலாமெண்டு நினைச்சனான்."

வாயை மூடாமலே திருத்தினேன். படத்தை எடுக்க வந்த அன்று அன்ரி என்னை மேலும் கீழும் பார்த்தா. "நீதானே குரல் போடுற பொடியன்? எங்கை, அவனை மாதிரி ஒருக்காக் கூப்பிடு. எனக்கு அந்தச் சத்தம் இப்ப வரவர மறக்குது."

கேட்காத குரலை நான் எப்படிப் போடுவது? போட்டேன்.

"எருமை கத்துற மாதிரிக் கிடக்கு. அவன் சின்னப் பொடியனெல்லே."

மெல்லியதாய் இழுத்தேன்.

"இது பெட்டைக் குரல். மூக்கைக் கொஞ்சம் அடை. அவனுக்கு எந்த நாளும் தடிமன். 'பாரணை' எண்டேக்கை கோவம் வரவேணும்."

அடைத்தேன். கோபப்பட்டேன். அன்ரி தலையை ஆட்டினா. "விடு மோனை. உன்னிலை பிழையில்லை." படத்தைச் சேலைத் தலைப்பால் மூடி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு படி இறங்கினா. முல்லைத்தீவு பஸ் ஹோர்ன் அடித்தது.

எத்தனை பேரைக் குரலால் ஏமாத்திப் பேய்க்காட்டினவன், ஒரு சின்னப் பொடியனிடம் தோற்பதா? வாசலுக்கு ஓடினேன். மூக்கை இறுக்கிப் பிடித்தேன். பஸ் சத்தத்துக்கு மேலால், உண்மையாகவே வந்த கோபத்தோடு கத்தினேன்: "அம்மோய்! இஞ்சை பாரணை!"

றோட்டு நடுவில் அன்ரி சடாரென்று திரும்பினா. "என்னப்பன்? இந்தா வாறன்!" வந்த மோட்டச்சைக்கிளையும் பார்க்காமல், கையை நீட்டிக்கொண்டு கடையை நோக்கி வந்தா. வந்தவவின் கண் வாசலில் தேடி, மூக்கைப் பிடித்தபடி நின்ற என்னில் வந்து நின்றது. நீட்டிய கை மெல்ல இறங்கியது. பிறகு அவ சிரித்தா. சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணால் தண்ணி ஓட, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தா.

"அட குரங்கே! ஆனா பாத்தனியே, இந்தமுறை நான் திரும்பிட்டன்."

சிரிப்பு வரும் என்று சொன்னேனே, வந்தது. ஆனால் எந்தக் குரலையும் பிடிக்கிற எனக்கு அந்தச் சிரிப்பு மட்டும் இன்னும் பிடிபடவில்லை.