பெட்டிக்குள் இறங்கிய மழை

என் கணவர் பஹ்ரைனில் மீன்பிடி படகில் வேலை செய்கிறார். வெள்ளிக்கிழமை மட்டும்தான் போனில் பேசுவார். பாம்பன் பக்கம் கடலோரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கரண்ட் கிடையாது. செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றவே சோலார் வைத்தோம்.

இன்வெர்ட்டர் பெட்டியில் ஒயர் நுழையும் துளை அடியில் இருந்தது. கூரையிலிருந்து ஒயரைக் கொண்டுவந்த பைப் அதுவரை எட்டவில்லை. சோலாரை மாட்டிய என் கொழுந்தன் பெட்டியின் மேல்பக்கமே துளை போட்டுவிட்டார்.

“மழைத்தண்ணி இறங்காதா தம்பி?” என்றேன்.

“வீட்டுக்குள்ள ஏது மதினி மழை?” என்று சிரித்தார்.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை விடாத மழை. கணவர் குரலுக்காகக் காலையிலிருந்து காத்திருந்தேன். திடீரென்று பெட்டி ‘சுர்’ரென்று இரைந்து, கருகல் வாடை அடித்தது. கூரைத் தண்ணீர் பைப் வழியே உள்ளே இறங்கியிருந்தது. ஈரக் கையோடு சுவிட்சை அணைக்கப் போனேன். அந்நேரம் போன் அடிக்கவும் ஓடிப்போய் எடுத்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

“பெட்டியத் தொடாத புள்ள! தம்பியக் கூப்புடு!” என்று கத்தினார். அதோடு சார்ஜ் தீர்ந்து போன் அணைந்துவிட்டது.

நான் போட்ட சத்தத்தில் கொழுந்தன் ஓடிவந்து ஒயரைக் கழற்றினார். பிறகு மேல்துளையை அடைத்து, நீளமான பைப்பை வளைத்து அடிவழியாக நுழைத்தார். எனக்கோ அடுத்த வெள்ளி வரை அந்தக் கத்தல்தான் துணை.

அன்றும் மழைதான். “பெட்டி?” என்றார் எடுத்ததும்.

“காஞ்சு கெடக்குங்க.”

“போன வெளிய நீட்டு புள்ள. நம்ம ஊரு மழையக் கேட்டு ரெண்டு வருசமாச்சு.”

இப்போதெல்லாம் மழை வந்தால் முதலில் பெட்டியைப் பார்க்கிறேன். அன்று வெள்ளிக்கிழமையாக இருந்தால், அவர் அழைத்ததும் வாசலில் நின்று போனை வெளியே நீட்டுகிறேன்.