கொலுசுக்குப் பதில் இருபத்து நாலு நாற்காலி

என் மகன் தினமும் கைப்பேசியில் யாரோ ஒருவர் பேசுவதைப் போட்டுக் காட்டுகிறான். நாம் மட்டும் உழைத்தால் போதாதாம், நம் பணமும் உழைக்க வேண்டுமாம். சும்மா கிடக்கும் நகையை விற்று, மாதாமாதம் வருமானம் தரும் ஒன்றை வாங்கிப் போட வேண்டுமாம். நான் தலையை ஆட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். இந்தப் பாடத்தை என் மாமா எனக்குப் பதினோரு வயதிலேயே நடத்தி முடித்துவிட்டார். அதற்கு நான் கட்டிய பீஸ் ஒரு ஜோடி கொலுசு.

அப்போது நாங்கள் சாரம் என்ற பகுதியில் இருந்தோம். அப்பாவுக்கு மில் வேலை. அம்மாவின் தம்பியான இந்த மாமாவுக்கு ஒரு வக்கீலிடம் பைல் தூக்கும் வேலை, எங்கள் வீட்டில் சாப்பாடு. தெருக்கோடியில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். மாதம் பிறந்தால் அவருக்குப் பிரான்சிலிருந்து பென்ஷன் வந்துவிடும். பகல் முழுக்க வாசலில் படுத்துத் தூங்குவார். போகும்போதும் வரும்போதும் அந்தத் தூக்கத்தைப் பார்த்துத்தான் தன் தம்பி கெட்டுப்போனான் என்று அம்மா சொல்வாள்.

அந்த வருடம் பள்ளி ஆண்டு விழாக் கும்மிக்கு டீச்சர் எட்டுப் பேரைப் பொறுக்கியபோது என்னையும் சேர்த்துவிட்டார். பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன்' சொல்லவே வாய் வராத எனக்கு அது நம்ப முடியாத விஷயம். எட்டுப் பேரும் கொலுசு போட்டிருக்க வேண்டும், இல்லாதவள் ஒதுங்கிக்கொள்ளலாம் என்பது டீச்சரின் நிபந்தனை. தீபாவளி போனசில் வாங்கித் தருவதாக அப்பா சொல்லியிருந்தார். போனஸ் வந்த அன்று மாமாவும் வீட்டில் உட்கார்ந்திருந்தது என் நேரம்.

வெள்ளியைக் காலில் மாட்டினால் தேயுமே தவிர வளராது என்று அப்பாவிடம் ஆரம்பித்தார் மாமா.

"சொல்தா என்னா வேலையா செய்யறாரு? தூங்கறாரு மாமா. பணம் வருது. நமக்குப் பிரான்ஸ்காரன் குடுக்க மாட்டான். நாமதான் எதுனா ஒன்ன வாங்கிப் போட்டுட்டுத் தூங்கணும்."

அந்த ஒன்று எது என்பதையும் அவர் பார்த்து வைத்திருந்தார். மூடிப்போன ஒரு சினிமாக் கொட்டகையின் இரும்பு மடக்கு நாற்காலிகள், இருபத்து நாலு, சண்டே மார்க்கெட்டில் விலைக்கு வந்திருந்தன. எங்கள் பக்கத்தில் விசேஷம் என்றால் நாற்காலிக்குப் பெரிய மார்க்கெட் வரை அலைய வேண்டும். நாளொன்றுக்கு ஒரு நாற்காலிக்கு அரை ரூபாய் வாங்கினாலும் தை மாதத்துக்குள் கொலுசுப் பணம் வந்துவிடும், நாற்காலியும் அப்படியே இருக்கும் என்றார். அப்பாவுக்கு அந்தக் கணக்கு பிடித்துவிட்டது. அம்மா மட்டும், தெருவில் எல்லோரும் மாமன் மச்சானாக இருக்கும்போது யாரிடம் போய் வாடகை கேட்பாய் என்றாள்.

"தொழில் வேற, சொந்தம் வேறக்கா."

நாற்காலிகள் தள்ளுவண்டியில் வந்தன. வீட்டில் கால் வைக்க இடமில்லை. மாமா எல்லாவற்றுக்கும் நீலப் பெயின்ட் அடித்தார். பிறகு, என் கொலுசுப் பணத்தில் வாங்கியதால் சொத்து என் பேரில்தான் இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளையில் 'வசந்தா' என்று எழுதினார். எனக்கு உடம்பே கூசியது.

பத்து நாள் ஆகவில்லை, அடுத்த தெரு டெய்லர் நெஞ்சுவலியில் போய்விட்டார். நாற்பதுகூட ஆகாத மனுஷன். மாமா ஓடிப்போய் நாற்காலிகளை இறக்கிவிட்டு வந்தார். பதினாறாம் நாள் காரியம் வரை அவை அங்கேயே கிடந்தன. மாமாவின் முகம் நாளுக்கு நாள் தெளிந்துகொண்டே வந்தது. ஆனால் காரியத்தன்று வாடகை வாங்கப் போக அவருக்குக் கால் வரவில்லை. சாவு வீட்டில் போய் வாடகை கேட்கும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது என்பது அவருக்கு அன்றுதான் ஞாபகம் வந்தது போல. சின்னப் பெண் போய் நின்றால் அவர்களே புரிந்துகொள்வார்கள் என்று என்னை அனுப்பினார்.

நான் போய் என் பெயர் போட்ட நாற்காலிகளுக்கு நடுவில் நின்றேன். மூலையில் உட்கார்ந்திருந்த டெய்லரின் மனைவி என்னைப் பார்த்து, பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். எனக்கு இலை போட்டார்கள். சாப்பிட்டுவிட்டு வந்தேன். தெருமுனையில் மாமா காத்திருந்தார்.

"என்னா குடுத்தாங்க?"

"வடை. ரெண்டு."

கார்த்திகையில் எதிர்வீட்டில் நிச்சயதார்த்தம். இருபத்து நாலும் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போன பெண்ணின் அப்பா, மறுநாளே திரும்பி வந்தார். டெய்லர் வீட்டில் பதினாறு நாள் கிடந்த நாற்காலியில் மாப்பிள்ளை வீட்டாரை எப்படி உட்கார வைப்பது என்றார். மார்க்கெட் கடை நாற்காலியெல்லாம் சாவு வீட்டுக்குப் போகாததா என்று மாமா மல்லுக்கு நின்றார்.

"போவும். ஆனா அது எந்தச் சாவுன்னு எங்களுக்குத் தெரியாதேப்பா."

மாமா தளரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே எல்லாவற்றையும் பச்சையாக்கினார். ஆனால் என் பெயரைச் சுற்றி ஜாக்கிரதையாக அடித்து, பெயரை அப்படியே விட்டுவிட்டார். கேட்டால், சொத்தில் பேரை அழிக்கக் கூடாதாம். இப்படி ஒரு மனுஷனை என்ன செய்வது? அதன் பிறகு நல்ல காரியத்துக்கு ஒருவரும் கேட்கவில்லை. சாவு என்றால் மட்டும் கேட்காமலேயே வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். ஒருவரும் ஒரு பைசா தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கும்மிப் பயிற்சியில் ஒருத்தி, "இன்னிக்கி எந்த வூட்ல எழவுடி வசந்தா?" என்று கேட்பாள். மற்றவர்கள் சிரிப்பார்கள். யார் கண்ணிலும் படாமல் இருக்க நினைத்த என் பெயர், எங்கே பிணம் விழுந்தாலும் வாசலில் வரிசையாக நின்றது.

தை வந்தது. கொலுசு வரவில்லை. நாற்காலிகளை இரும்புக் கடையில் எடைக்குப் போடச் சொல்லி அம்மா கத்தினாள். அவசரத்தில் சொத்தை விற்பவன் உருப்பட மாட்டான் என்று மாமா பதில் சொன்னார்.

"ஆண்டு விழா ஒன் சொத்துக்காவ நிக்குமாடா?"

மாமா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்குப் பதிலாக ஆட டீச்சர் வேறொருத்தியை அன்று காலையே தயார் செய்யத் தொடங்கியிருந்தார்.

விழாவுக்கு முதல் நாள் சாயங்காலம் டெய்லரின் மனைவி எங்கள் வாசலுக்கு வந்தார். அவர் அம்மாவைவிடச் சின்னவர். புருஷன் போன பிறகு அந்தத் தையல் மிஷினை அவர்தான் மிதித்துக்கொண்டிருந்தார். கும்மிப் பாவாடைகளையும் அவரிடம்தான் கொடுத்திருந்தார்கள். அளவு கொடுக்கப் போன பெண்கள் என் கதையைச் சொல்லியிருப்பார்கள். வீட்டுக்குள் வராமல் தள்ளியே நின்று, ஒரு செய்தித்தாள் பொட்டலத்தை நீட்டினார்.

"நா வெச்சுக்கினு என்னா பண்ணப் போறேன்க்கா. பாப்பா போட்டுக்கினு ஆடட்டும்."

உள்ளே ஒரு ஜோடி கொலுசு. இரண்டு மூன்று சலங்கை உதிர்ந்திருந்தது. அம்மா அதைப் பார்த்தாள். எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்தாள். பிறகு அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்து, "நீயே போட்டுவுடு" என்றாள்.

அவர் தரையில் உட்கார்ந்து என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். கொக்கி மாட்ட வெகு நேரம் ஆனது. எனக்குப் பொறுமை இல்லை. ஏற்கெனவே சலங்கை குறைகிறது, இதில் தொளதொளவென்று வேறு இருக்கிறது. இருந்தாலும் கடைசியில் வர வேண்டியது வந்துவிட்டதே என்று ஒரு திருப்தி. மாதக்கணக்கில் யாரிடமும் கேட்க முடியாமல் தொண்டையில் நின்றது, அப்போதுதான் என் வாயிலிருந்து நன்றாக வந்தது.

"வாடகைக்குச் சரியாப் போச்சும்மா."

அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு மூன்று நாள் கன்றிப்போயிருந்தது. டெய்லரின் மனைவி சிரித்தார். சிரித்துக்கொண்டே, "ஆமா பாப்பா, சரியாப் போச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

சரியாகத்தானே சொன்னோம், எதற்குக் கிள்ளினாள் என்று எனக்கு ஒரே ஆத்திரம். மறுநாள் கொலுசைப் பார்த்து டீச்சர் என்னையே ஆட விட்டார்; மேடையில் கும்மி அடிக்கும்போதும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.