ஸ்டெல்லாவுக்குப் பின்னிய தொப்பி

போன ஞாயிற்றுக்கிழமை கொழும்பிலிருந்து வந்த மகள், கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். கம்பளித் தொப்பி. விளிம்பு வெளிப்பக்கமாக மடிக்கப்பட்டிருந்தது; அதற்கு மேலே உச்சிவரைக்கும் சடை சடையாகப் பின்னல். "அம்மா, இது மாதிரி ஒங்களுக்குப் பின்னத் தெரியுமா?" என்றாள். "தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். மகளிடம் நான் அதிகம் பொய் சொல்வதில்லை. அன்றைக்குச் சொன்னேன்.

அப்படி ஒரே ஒரு தொப்பி பின்னியிருக்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கந்தப்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், பிள்ளைக் காம்பராவில் வேலை. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலையில் விட்டுப்போகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நானும் ஸ்டெல்லாவும் இருந்தோம். பால்மா வாசம், மூத்திர வாசம், அடுப்புக்கு மேலே கொடியில் காயும் கம்பளிச் சட்டைகளின் வாசம். மூன்றும் கலந்த அந்த வாசத்தைச் சொன்னால் மூக்கைப் பொத்துவீர்கள். எனக்கு அது இன்னும் இனிக்கிறது. ஸ்டெல்லாவின் சடை இடுப்புக்குக் கீழே தொங்கும். தூங்காமல் அடம்பிடிக்கிற பிள்ளைகள் அதன் நுனியைப் பிடித்துக்கொண்டுதான் கண்ணை மூடும். என் முடியைப் பற்றிக் கேட்காதீர்கள். எலிவால்.

அந்த வருடம் அவள் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. சளிக்கட்டி என்றுதான் நினைத்தோம். கொழும்புப் பெரியாஸ்பத்திரியில் வேறு பெயர் சொன்னார்கள். இரண்டாம் தடவை மருந்து ஏற்றிவிட்டு வந்தபோது முடி கொத்துக் கொத்தாகக் கழன்றுவிட்டது. தலையில் டவலைச் சுற்றிக்கொண்டு பிள்ளைகளைப் பார்க்க வந்தாள். டவல் நழுவியது. அவளிடமே வளர்ந்த ஒரு குழந்தை அவளைப் பார்த்து வீறிட்டு அழுதது. ஸ்டெல்லா சிரித்தாள். பிறகு பால் காய்ச்சும் அறைக்குள் போய் வெகுநேரம் வரவில்லை. நான் போனபோது முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"நீ தொப்பி பின்னுவேல்ல? ஜடை மாதிரி வச்சு ஒண்ணு பின்னிக் குடுடி. தலையிலதான் இல்ல, தொப்பியிலயாவது இருக்கட்டும்."

நான் பின்னுவேன்தான், சும்மா நேர்ப்பின்னல். சடை வைக்கத் தெரியாது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. என் மரூன் நிற ஸ்வெட்டரைப் பிரித்து நூலாக்கினேன். "கறுப்பு நூல் கிடைக்கலடி" என்றதற்கு, "செம்பட்டைன்னு நெனச்சுக்கிறேன்" என்றாள்.

விளிம்புக்கு இரண்டு நேர், இரண்டு எதிர் என்று மாற்றி மாற்றிப் போட்டால் ரப்பர் மாதிரி இழுபடும். அதை நீளமாகப் பின்னி மடித்துவிட்டேன்; காதுக்கு இரண்டு மடிப்புச் சூடு கிடைக்குமே. சடைக்குத்தான் உயிர் போனது. ஆறு கண்ணியில் மூன்றை ஒரு குட்டிக் கம்பியில் ஏற்றி முன்னால் தொங்கவிட்டு, மற்ற மூன்றைப் பின்னிவிட்டு, அப்புறம் தொங்குகிறதைப் பின்ன வேண்டும். கம்பிக்கு ஒடிந்த குடைக் கம்பியைத் தேய்த்துக்கொண்டேன். எத்தனை முறை அவிழ்த்தேன் என்று கணக்கில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தொப்பியை அவள் குடியிருந்த லயத்து வீட்டுக்குக் கொண்டுபோய்த் தலையில் போட்டுவிட்டேன். கண்ணாடியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். சடையை விரலால் தடவினாள். அப்போதுதான் என் கண்ணில் பட்டது: உச்சிக்குப் பக்கத்தில் ஒரு முறுக்கு, பின்னால் போகவேண்டியது முன்னால் வந்திருந்தது.

"கழட்டு ஸ்டெல்லா, சரிபண்ணித் தாறேன்."

"வேணாம்டி. யாரு பாக்கப் போறா? கதகதன்னு இருக்கு, இருக்கட்டும்."

"ரெண்டே நாளு."

அவள் தலையிலிருந்து நானே கழற்றினேன். குளிர்ந்ததோ என்னவோ, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டாள்.

அந்த இரண்டு நாளும் காம்பராவில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல். நூலைத் தொட முடியவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலை ஸ்டெல்லாவுக்கு மூச்சுத் திணறி, வேனில் கொழும்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அன்றைக்குப் பின்னேரம் முறுக்கைச் சரிசெய்து முடித்தேன். போகிற யாரிடமாவது கொடுத்தனுப்பலாம் என்று பொட்டலம் கட்டி வைத்திருந்தேன். போக யாரும் இருக்கவில்லை. எட்டாம் நாள் அவளைப் பெட்டியில் கொண்டுவந்தார்கள்.

வெள்ளை உடுப்பு உடுத்தி, தலையில் வெள்ளை நெட் துணி போட்டிருந்தார்கள். பொட்டலத்தோடு நின்ற என்னைப் பார்த்த அவள் அம்மா, "வேன்ல போறப்ப வழியெல்லாம் தல குளிருது, தல குளிருதுன்னே வந்துச்சு புள்ள" என்றார். என் மேல் கோபத்தில் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். நான் தொப்பியை நீட்டினேன். நெட்டை விலக்கி, காது மூட இழுத்து மாட்டிவிட்டார். "இப்ப குளிராது தங்கம்" என்றார்.

சடை நேராக இருந்தது. ஒரு பிழையும் இல்லை.

அதற்குப் பிறகு நான் பின்னல் ஊசியைத் தொடவில்லை. ஸ்டெல்லாவின் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர்கள் இருந்த லயத்தை இடித்துவிட்டு வரிசையாகத் தனி வீடு கட்டியிருக்கிறார்கள். பிள்ளைக் காம்பராவுக்கு இப்போது வேறு பெயர். சுவரெல்லாம் முயலும் மயிலும். சென்ற மாதம் ஒரு வேலையாகப் போனபோது அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பெண்ணை அடையாளம் கண்டேன். எங்கள் கையில் வளர்ந்தவள்.

"ஒன்னையெல்லாம் ஸ்டெல்லாதான் தூக்கித் திரிவா" என்றேன்.

அவள் மரியாதையாக யோசித்துப் பார்த்தாள்.

"ஸ்டெல்லான்னா யாருங்கம்மா?"