ராஜாவின் நாற்காலி

ராஜாக்களுக்கெல்லாம் ராஜாவானவர், தன் நாற்காலியில் ஒரு ஏழு வயதுப் பெண் உட்கார்ந்ததற்காக அவளுடைய அப்பாவைத் தண்டிப்பாரா? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

நேற்று என் மகள் ஏறியதும் அந்தப் பிரம்பு நாற்காலி கிரீச்சிட்டது. என் கல்யாணத்துக்கு அப்பா கொடுத்தனுப்பியது. தொண்ணூறுகளில், கணபதி என்ற ஊரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையருகே அது எப்போதும் காலியாகவே இருக்கும். கிறிஸ்துவின் இடம் அது. "இதுல மட்டும் உக்காந்துபோடாதே கண்ணு. ராஜா வந்தா எடம் வேணுமில்ல?" என்பார் அப்பா. முள்முடி சூடியவரே இரும்புக்கோலோடு திரும்பி வந்து எல்லோரையும் ஆளுவார் என்று குடும்ப ஜெபத்தில் வாசிப்பார். பட்டறை எண்ணெய் மணக்கும் அவருடைய விரல் வரிகளின் மேல் நகரும்.

ஏழு வயதில், வீட்டில் யாருமில்லாத ஒரு மதியம் நான் அதில் உட்கார்ந்து பார்த்தேன். அன்று சாயங்காலம் அப்பா கையில் கட்டோடு வந்தார். பட்டறையில் லேத் இயந்திரத்தில் சிக்கி இரண்டு விரல்கள் போய்விட்டன. நாற்காலியைப் பார்த்தபடி, "ராஜா காரணமில்லாம எதையும் செய்யமாட்டாரு" என்று மட்டும் சொன்னார். நான் அதில் உட்கார்ந்தது இன்றுவரை அவருக்குத் தெரியாது.

நேற்று மகளை இறங்கச் சொன்னேன். "ராஜா வர்ற வரைக்கும் நான் உக்காந்துக்கறேம்மா" என்றாள். மில்லிலிருந்து கணவர் வரும்வரை வாசலிலேயே நின்றேன். வந்ததும் அவர் கைகளைத்தான் முதலில் பார்த்தேன்.

இன்றும் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். மில்லிலிருந்து அவர் இன்னும் வரவில்லை. அவளை இறக்கிவிடட்டுமா, அப்படியே விடட்டுமா? பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.