ஏசாவின் அளவுக்குச்சி

எங்கள் கேப் காட் கரையில், ஏசா பென்னிமன் தலையாட்டாமல் எந்தப் பழம்பொருள் விற்பனையிலும் கயிறு எறியும் பீரங்கி விலைபோகாது. மணல்திட்டில் மாட்டிய கப்பலுக்குக் கரையிலிருந்து கயிறு வீசி ஆட்களை மீட்க, சர்க்கார் வைத்திருந்த குட்டை வெண்கலப் பீரங்கிகள் அவை. ஏசாவுக்குத் தொழில் குழாய் ரிப்பேர். பீரங்கி விஷயத்தில் மட்டும் அவர் சொல்வதுதான் சட்டம்.

முதலில் குண்டைப் பார்ப்பார். கயிறு கட்டும் வளையம் பீரங்கி வாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பாதி வியாபாரிகள் திருப்பிச் செருகியிருப்பார்கள். "கயித்த உள்ள வச்சுச் சுட்டா, உன் தாத்தாவா புடிப்பாரு?" என்று மானத்தை வாங்குவார். பிறகு இடுப்பிலிருந்து ஒரு குச்சி வெளியே வரும். அது அவர் வீட்டு நடையில் இருந்த 217ஆம் எண் பீரங்கியின் நீளத்துக்கு அறுத்தது. அசலிலிருந்து அச்செடுத்து வார்த்தால் வெண்கலம் ஆறும்போது சுருங்கும். நகல் குட்டையாக வரும். குச்சியைவிடக் குட்டை என்றால் போலி. எப்போதாவது நீளமாக ஒன்று வந்தால், "எவனோ கண்ணால அளந்து செஞ்சிருக்கான்" என்று தள்ளிவிடுவார்.

தொண்ணூற்றிரண்டு ஜூலையில், தேவாலயத் திடல் விற்பனைக்கு மார்சியா ஸ்னோ என்ற வியாபாரி ஒரு பீரங்கி கொண்டுவந்தாள். ஏசாவை நான்தான் வண்டியில் கூட்டிப்போனேன். எண்ணைப் படிக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. 217.

"என்ன அண்ணே, மூச்சையே காணோம்?" என்றாள் மார்சியா.

குச்சியை வைத்தார். பீரங்கி குச்சியைத் தாண்டிக் கால் அங்குலம் நீண்டது. திருப்பி வைத்தார். அப்போதும் நீண்டது.

"உங்க வீட்டுலயும் இதே நம்பர்தானே? அப்ப என்னுது டூப்பா?" அவள் முகம் விழுந்துவிட்டது.

'ஆமாம்' என்ற ஒரு வார்த்தை போதும். யாரும் மறுக்கப்போவதில்லை, அவர் பெயரும் பிழைக்கும். சொல்லித் தொலைத்தால் தேவலை என்றுதான் எனக்கும் இருந்தது.

"அசலவிட நகல் பெருசா இருக்காதும்மா," என்றார் ஏசா. சூப்புக்கு வரிசையில் நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். "உன்னுதுதான் அசல். என் வீட்டுல கிடக்கறது டூப்பு."

வண்டியில் ஏறியதும் ஆறுதலாக ஏதாவது சொல்லத் தோன்றியது.

"விடுங்கண்ணே. நடையில கிடக்கறதுதானே, போனாப் போகுது."

"அதுக்கென்ன, அதுமேல தொப்பிய மாட்டி வச்சுக்கலாம்." குச்சியை மடியில் போட்டுக்கொண்டார். "பிரஸ்காட் சம்சாரம் ஒண்ணு கொண்டாந்துச்சே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. புருஷன் செத்த வருஷம், அவருடைய பீரங்கியை ஒரு துணியில் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"அதுவும் சரியா கால் அங்குலம் நீளம்டா. உருக்கறவன்கிட்டப் போட்டுடும்மான்னு நான்தான் சொன்னேன்."